249 ரூபாய் மோட்டார் கிட்: பொருளை வாங்கலாம், வழிகாட்டித் தாளை நம்ப வேண்டாம்

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி அறிவித்ததும் ஆன்லைனில் ‘மோட்டார் கிட்’ என்று தேடாத வீடு குறைவு. தேடினால் ஒரே பெட்டி பத்துப் பெயர்களில் வந்து நிற்கும். படம் ஒன்று, பலகை ஒன்று, காந்தம் ஒன்று. விலை மட்டும் 200-க்கும் 350-க்கும் நடுவே ஆடும். இங்கே அலசுவது 249 ரூபாய்க்குக் கிடைக்கும், தயாரிப்பாளர் பெயர் எங்கும் அச்சிடப்படாத ஒரு பெட்டி. செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, இரண்டு தாங்கிகளில் உட்கார வைத்து, கீழே காந்தம் வைத்து, ஒரே ஒரு செல்லில் ஓடவிடும் எளிய நேர்மின் மோட்டார் இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருட்களுக்குப் பத்துக்கு ஆறு மார்க். வழிகாட்டித் தாளுக்கு இரண்டு மார்க் கொடுத்தால் அது தாராள மனசு. தாளில் இருக்கிறபடி அச்சுப் பிசகாமல் செய்தால் இந்த மோட்டார் ஓடாது. பிள்ளை தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும். குறை படத்தில் இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டால் இதே பொருட்களில் ஒரு மணி நேரத்துக்குள் சுருள் சுற்றும்.

பெட்டிக்குள்

மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஒன்று. பித்தளைத் தகட்டில் வெட்டிய தாங்கிகள் இரண்டு. மேல்முனையில் 5 மி.மீ. துளை, துளையின் நடுப்புள்ளி பலகையிலிருந்து 38 மி.மீ. உயரத்தில். இனாமல் (மின்சாரம் கடத்தாத மெல்லிய பூச்சு) பூசிய செம்புக் கம்பி ஒன்றரை மீட்டர். கறுப்பு ஃபெரைட் வட்டக் காந்தம், 25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. கனம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள்-ஏ அளவில் ஒரு செல், அதற்கான ஹோல்டர். ஸ்லைடு ஸ்விட்ச், நாலு ஸ்க்ரூ, விரல் அகலத்தில் ஒரு துண்டு உப்புத்தாள். மடித்து வைத்த வழிகாட்டித் தாள். அதில் தமிழ் ஒரு வரிகூடக் கிடையாது. இருக்கும் ஆங்கிலமும் எங்கிருந்தோ இயந்திரம் பெயர்த்தது போல இருக்கிறது.

இதில் குறையே சொல்ல முடியாத பொருள் கம்பிதான். மைக்ரோமீட்டரில் 0.45 மி.மீ. சொச்சம் காட்டுகிறது, அதாவது 26 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). இந்த மோட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான கனம் இல்லை. 30 கேஜுக்கு மேல் மெலிந்தால் சுருளின் இரண்டு வால்களும் அச்சாக நிற்காமல் தொய்ந்துவிடும். 20 கேஜ் மாதிரித் தடித்தால் வளைக்கவும் சிரமம், சுருளும் கனத்துவிடும், ஒற்றைச் செல்லால் தள்ள முடியாது. 24-லிருந்து 28 வரை எதுவும் சரி; 26 நட்டநடு.

குறை, அளவில். ஒன்றரை மீட்டர் என்பது கணக்குப் பார்த்துக் கத்தரித்த நீளம். பெரிய டார்ச் செல்லின்மேல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 செ.மீ. கம்பி போகும். பத்துச் சுற்றுக்கு 105 செ.மீ.; இரண்டு வாலுக்கும் ஆறாறு செ.மீ. விட்டால் 117. மீதி ஒரு சாண் சொச்சம். முதல் சுருள் கோணலாகப் போனால் இரண்டாவது சுருளுக்குக் கம்பி இல்லை. மூன்று மீட்டர் கொடுத்திருந்தால் தயாரிப்பவருக்குக் கூடுதலாக ஆகியிருக்கும் செம்பு இரண்டே கால் கிராம்.

டபுள்-ஏ செல்லில் சுற்றாதீர்கள்

தாள் சொல்வது: “பேட்டரியின் மேல் கம்பியைப் பத்து முறை சுற்றவும்.” படத்தில் இருப்பது தடித்த டார்ச் செல். பெட்டியில் இருப்பது ஒல்லி டபுள்-ஏ. பிள்ளைகள் கையில் கிடைத்த செல்லில்தான் சுற்றுவார்கள். அங்கேயே மோட்டார் பாதி படுத்துவிடும்.

டார்ச் செல்லின் விட்டம் சுமார் 33 மி.மீ., டபுள்-ஏ 14.5 மி.மீ. விட்டம் பாதிக்கும் கீழே போனால் சுருள் அடைக்கும் பரப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. சுழற்றும் விசை சுற்றுகளின் எண்ணிக்கை, மின்னோட்டம், காந்தப்புலம் இவற்றோடு இந்தப் பரப்பையும் பெருக்கினால் வருவது. இது ஒரு அடி. அடுத்த அடி இடைவெளியில் விழுகிறது. 38 மி.மீ. உயரத்தில் தொங்கும் சின்னச் சுருளின் அடிப்பாகம் காந்தத்தின் மேல்பரப்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி நிற்கும். அந்தத் தூரத்தில் இந்த ஃபெரைட் காந்தத்தின் புலம் பெயருக்குத்தான் இருக்கும்.

அதனால் சுற்றுவதற்குப் பெரிய டார்ச் செல்லையே எடுங்கள். இல்லாவிட்டால் 25 மி.மீ. எலெக்ட்ரிக்கல் பைப் துண்டு, தடித்த மார்க்கர் பேனா, எதுவானாலும் 25-க்கும் 35-க்கும் நடுவே விட்டம் இருந்தால் போதும். சுற்றும்போது முதல் 6 செ.மீ. கம்பியை வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்கட்டும், பக்கவாட்டில் ஸ்ப்ரிங் மாதிரிப் பரவ வேண்டாம். கழற்றியதும் வளையம் பிரிந்து போகாமல் விரலால் பிடித்து, தொடக்க வாலை வளையத்தைச் சுற்றி இரண்டு முறை இறுக்கி முடிச்சுப் போல இழுங்கள். கடைசி வாலை நேர் எதிர்ப்புறத்தில் அதே மாதிரி. இரண்டு வால்களும் ஒரே நேர்கோட்டில், வளையத்தின் மையத்தின் வழியாகப் போவது போல நிற்க வேண்டும். வாலை நேராக்க இடுக்கியெல்லாம் வேண்டாம். மேசைமேல் வைத்து ஸ்கேலால் அழுத்தி நாலு முறை உருட்டினால் அம்பு மாதிரி நிமிரும்.

சுற்று அதிகமானால் வேகம் கூடும் என்று 40, 50 என்று சுற்றுவோர் உண்டு. பத்துச் சுற்றுச் சுருளின் மின்தடை 0.12 ஓம்தான். ஆனால் செல்லின் உள்தடை, ஹோல்டர் ஸ்ப்ரிங், வால் தாங்கியில் தொடும் இடம் எல்லாம் சேர்ந்து அதைப்போல் சில மடங்கு இருக்கும். அதனால் 10-லிருந்து 15, 20 வரை போனால் மின்னோட்டம் பெரிதாகக் குறையாமல் விசை ஏறும். அதற்கு மேல் சுருளின் தடையே கணக்கில் ஏறத் தொடங்கும், எடையும் ஏறும், தாங்கியில் உராய்வும் ஏறும். இந்தக் கிட்டில் உள்ள கம்பிக்குப் பத்துப் பதினொன்று, தனியாகக் கம்பி வாங்கினால் பதினைந்து. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுரண்டுவதில்தான் எல்லாம்

இந்த மோட்டாரில் உண்மையான வேலை ஒன்றே ஒன்று. ஒரு வாலில் இனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மற்ற வாலில் பாதிச் சுற்றளவுக்கு மட்டும். அந்தப் பாதி எந்தப் பாதி என்பதில்தான் தாள் கவிழ்கிறது.

தாளின் படத்தில் சுருளை மேசையில் தட்டையாகப் படுக்க வைத்து, வாலின் மேல்பக்கத்தைத் தேய்க்கிறார்கள். காந்தம் சுருளுக்குக் கீழே இருக்கும் இந்த அமைப்பில் அது தப்பு. ஏன் என்று பார்க்கலாம். காந்தம் கீழே இருந்தால் புலம் மேலும் கீழுமாகப் போகிறது. சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான் சுழற்றும் விசை உச்சம். சுருள் தட்டையாகப் படுக்கும்போது விசை சுழி. அந்த நிலையைத் தாண்டியதும் விசை எதிர்த்திசைக்கு மாறும். ஆக, சுருள் செங்குத்தாக நிற்பதை நடுவில் வைத்து, அதற்கு முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று மின்சாரம் ஓட வேண்டும். மீதி அரைச்சுற்று நிற்க வேண்டும். நின்ற நேரத்தில் சுருள் தன் வேகத்திலேயே திரும்பி வந்துவிடும்.

தாளில் உள்ளபடி செய்தால் மின்சாரம் ஓடும் அரைச்சுற்றின் நடுவில் தட்டை நிலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் கால் சுற்றுக்கு ஒரு பக்கம் தள்ளும், அடுத்த கால் சுற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். கூட்டிக் கழித்தால் பூச்சியம். சுருள் படுத்த வாக்கில் லேசாக நடுங்கி நின்றுவிடும், செல் சூடாகும். “கிட் வேலை செய்யவில்லை” என்று விற்பனைப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் பலருடைய வர்ணனை இந்த நடுக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது.

சரியான முறை இது. சுருளை மேசை விளிம்புக்கு வெளியே செங்குத்தாக நிற்க வையுங்கள், வால் மட்டும் மேசைமேல் படுத்திருக்கட்டும். விளிம்பு ஓரமாக வாலை விரலால் அழுத்திப் பிடித்து, பிளேடால் மேல்பக்கத்தை மட்டும் வளையத்திலிருந்து வெளிநோக்கி இழுத்து இழுத்துச் சுரண்டுங்கள். 2 செ.மீ. நீளத்துக்குச் செய்தால் போதும். வாலை உருட்டவே கூடாது. சுரண்டிய பக்கம் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். அடிப்பக்கம் பழைய அடர்பழுப்பிலேயே இருக்க வேண்டும். சாளரத்துப் பக்கம் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் இரண்டு நிறத்துக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை தெரியும். அந்தக் கோடு வாலின் நடுவில் ஓடினால் சுரண்டல் சரி.

இன்னொரு வாலை உப்புத்தாளில் மடித்துப் பிடித்து முழுச்சுற்றும் தேய்த்துவிடலாம். கிட்டில் வரும் உப்புத்தாள் கொஞ்சம் முரடு, கம்பியையே அரித்துவிடுகிறது. 400 நம்பர் தாள் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். பாதிச் சுரண்டலுக்கு உப்புத்தாளைத் தொடவே வேண்டாம், அது ஓரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பாதிக்கு மேல் சுரண்டிவிட்டால் கம்பியைத் தூக்கிப் போடத் தேவையில்லை. முழுவதும் சுரண்டிவிட்டு, சுருளைச் செங்குத்தாகப் பிடித்தபடி, வாலின் ஒரு பாதியில் மட்டும் நெயில் பாலிஷ் பூசிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். பழைய இனாமல் போலவே காப்பாக நிற்கும். பெர்மனென்ட் மார்க்கரும் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும், ஆனால் தீப்பொறியில் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

வேறு சில கோளாறுகளும் இங்கேதான் பிறக்கின்றன. இரண்டு வாலையும் முழுக்கச் சுரண்டினால் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நிற்கும். சில நேரம் வால் துள்ளித் துள்ளித் தொடர்பு விட்டுப்போவதால் தற்செயலாகச் சுற்றவும் செய்யும், அதை நம்ப முடியாது. இரண்டு வாலிலும் பாதி பாதி, ஆனால் எதிரெதிர்ப் பக்கத்தில் சுரண்டியிருந்தால் மின்சாரமே ஓடாது. ஒரு வால் தொடும்போது மற்றது தொடாது, அவ்வளவுதான். காந்தத்தைக் கீழே வைக்காமல் சுருளின் பக்கவாட்டில் நிறுத்தும் அமைப்பாக இருந்தால் கணக்கே தலைகீழ். அப்போது சுருளைத் தட்டையாகப் படுக்க வைத்துச் சுரண்டுவதுதான் சரி. இந்தக் கிட்டின் தாளை வரைந்தவர் அப்படி ஒரு மோட்டாரின் படத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

தாங்கி, காந்தம், இடைவெளி

பித்தளைத் தாங்கிகள் பார்க்க அழகு, செல்லிலிருந்து வரும் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்துகின்றன. ஆனால் துளை பெரிது. 0.45 மி.மீ. கம்பிக்கு 5 மி.மீ. துளை என்றால் வால் உள்ளே குதித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு குதிக்கும் தொடர்பு அறும். துளையின் விளிம்பில் வெட்டிய பிசிறு வேறு. உப்புத்தாளைக் குச்சி போல உருட்டித் துளைக்குள் நாலு திருப்புத் திருப்பினால் பிசிறு போகும். பெரிய துளைக்கு மருந்து இல்லை. துணிக்குக் குத்தும் ஊக்கு இரண்டு எடுத்து, அதன் அடிவளையத்தை மேலே வைத்துப் பித்தளைக்குப் பதிலாக நிறுத்தினால் இந்த 249 ரூபாய்த் தாங்கியைவிட நன்றாக ஓடுகிறது என்பது கொஞ்சம் வேடிக்கைதான். பேப்பர் கிளிப்பும் ஆகும், ஆனால் வண்ணப் பிளாஸ்டிக் பூசிய கிளிப் ஆகாது. மின்சாரம் ஏறாது.

சுருள் ஓடும்போது மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து தாங்கியில் உரசி நிற்பதும் இந்தத் துளையின் கைங்கரியம். பழைய ஒயரின் பிளாஸ்டிக் உறையில் 3 மி.மீ. துண்டு இரண்டு வெட்டி, தாங்கிக்கு உள்பக்கமாக ஒவ்வொரு வாலிலும் ஒன்று மாட்டிவிட்டால் நகர்வது நிற்கும்.

காந்தம் மோசமில்லை. எந்தத் துருவம் மேலே இருந்தாலும் ஓடும். புரட்டினால் சுழலும் திசை மாறும். செல்லைத் திருப்பினாலும் திசை மாறும். இரண்டையும் மாற்றினால் பழைய திசைக்கே வந்துவிடும். பிளெமிங்கின் இடக்கை விதியை மனப்பாடம் செய்துவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. ஆனால் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பெரிய செல்லில் சுற்றிய சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே இந்தப் பலகையில் 16 மி.மீ. இடைவெளி வருகிறது. ஐந்து முதல் எட்டு மி.மீ. இருந்தால்தான் ஃபெரைட் காந்தம் தன் பலத்தைக் காட்டும். பென்சில் டப்பாவில் கிடக்கும் அழிரப்பர் ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் காந்தத்தை வையுங்கள். அழிரப்பர் சுமார் 10 மி.மீ. கனம் என்றால் இடைவெளி ஆறாகிவிடும். சுருளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே மந்தமாக ஓடிய சுருள் விசிறி மாதிரி மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் 20 மி.மீ. விட்ட நியோடிமியம் காந்தம். நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். இரண்டு நியோடிமியம் காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் இரு பக்கமிருந்து ஒன்றையொன்று இழுத்துச் சுவரையே துளைத்துவிடும். அறுவை சிகிச்சை வரை போகும் ஆபத்து அது. ஃபெரைட்டே போதும்.

செல்லும் ஸ்விட்ச்சும்

கிட்டோடு வரும் கார்பன்-துத்தநாகச் செல் சுவர்க் கடிகாரத்துக்குச் சரி. இந்த மோட்டார் கேட்பது 2, 3 ஆம்பியர். அந்தச் சுமையில் 1.5 வோல்ட் செல் ஒரு வோல்ட்டுக்கும் கீழே தொங்கிவிடுகிறது, சில நிமிடங்களில் களைத்தும் போகிறது. அல்கலைன் செல் நன்றாகத் தாங்கும். வீட்டில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் இருந்தால் அது இன்னும் மேல். 1.2 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் உள்தடை மிகக் குறைவு என்பதால் சுருளுக்குப் போகும் மின்னோட்டம் அதில்தான் அதிகம். அதனாலேயே சூடும் அதிகம். ஹோல்டரின் ஸ்ப்ரிங் தொட முடியாத அளவு சுடும், பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து விடாதீர்கள்.

9 வோல்ட் சதுர பேட்டரியை மாட்டலாமா என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம். வோல்ட் அதிகம், உள்தடையும் அதிகம். அதற்குள் இருக்கும் ஆறு குட்டிச் செல்கள் இந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் சீக்கிரமே சுருண்டுவிடும், காசுக்கும் கேடு. லித்தியம் செல், பவர் பேங்க் செல் இவற்றைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. 0.12 ஓம் சுருள் என்பது லித்தியம் செல்லுக்கு ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம்; தீப்பிடிக்கும். வீட்டு பிளக்கில் செருகும் எதுவும் இந்த மோட்டாருக்கு ஆகாது.

ஸ்விட்ச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: கழற்றிவிடுங்கள். இந்த வகைக் குட்டி ஸ்லைடு ஸ்விட்ச்சுகள் பொதுவாக அரை ஆம்பியர் அளவுக்குச் செய்தவை. இங்கே ஓடுவது அதைப்போல் பல மடங்கு. கொஞ்ச நாளில் உள்ளே கருகி, வெளியே ஒன்றும் தெரியாமல் தடையை மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஹோல்டர் ஒயரைத் தாங்கியின் ஸ்க்ரூவுக்கு அடியிலேயே நேராக முறுக்கி இறுக்கிவிட்டு, நிறுத்தும்போது செல்லை எடுத்துவிடுவது சுலபம், பத்திரம். சால்டர் செய்யத் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஓடவில்லை என்றால்

முதலில் செல்லை எடுத்துவிட்டுச் சுருளை விரலால் சுண்டுங்கள். தடையில்லாமல் சுற்றி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிலையில் நின்றால் சமநிலை சரி. எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். வால்கள் மையத்தில் இல்லை. வால் வளையத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு நூலளவு கனமான பக்கம் நோக்கி வளைத்து மறுபடி சுண்டிப் பாருங்கள்.

சமநிலை சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு தாங்கிகளிலும் தொட்டு, சுருளை மெதுவாகத் திருப்புங்கள். அரைச்சுற்று தொடர்பு, அரைச்சுற்று தொடர்பில்லை என்று மாறி மாறிக் காட்ட வேண்டும். சுருள் செங்குத்தாக இருக்கும்போது தொடர்பு அந்த அரைச்சுற்றின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். தட்டையாக இருக்கும்போது நடுவில் வந்தால் மேலே சொன்ன படத்தின் தப்பு உங்கள் சுருளில் ஏறியிருக்கிறது. மல்ட்டிமீட்டரால் மின்னோட்டத்தை அளக்க நினைத்தால் 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். மீட்டர் ஒயரின் தடையே சுருளை மெதுவாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் தானாகக் கிளம்பாமல் போகலாம். மின்சாரம் ஓடாத அரைச்சுற்றில் சுருள் நின்றிருந்தால் யார் தள்ளுவது? விரலால் ஒரு சுண்டு. ஒரு திசையில் சுண்டினால் முரண்டு பிடித்துத் திரும்பி வரும், மறுதிசையில் பிடித்துக்கொண்டு ஓடும். பொம்மைக் கார் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று சுருள்கள் இருப்பது இந்தத் தொல்லைக்காகத்தான். ஒன்று சும்மா இருக்கும்போது மற்றது தள்ளும்.

நன்றாக ஓடிய மோட்டார் அரை மணி கழித்து மக்கர் செய்தால் வாலைப் பாருங்கள். தீப்பொறி பட்ட இடம் கறுத்திருக்கும். பாதி வாலை உருட்டாமல் பிளேடால் லேசாக ஒரு இழுப்பு, தாங்கியின் துளைக்குள் உப்புத்தாளால் ஒரு திருப்பு. மறுபடி ஓடும். கண்காட்சி மேசையில் நாள் முழுக்க வைப்பதாக இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை இந்தப் பராமரிப்பும், கையில் அரை டஜன் செல்லும் தேவை.

வேகத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். வளையத்தில் ஒரு இடத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் பொட்டு வைத்து, போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பிடியுங்கள். பொட்டு ஒரு சுற்று வர 24 படம் ஆனால் நொடிக்கு 10 சுற்று, நிமிடத்துக்கு 600. அழிரப்பர் வைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து ஒரு அட்டவணை போட்டால் கண்காட்சி நடுவரிடம் காட்ட அதுவே போதும்.

பெட்டியின் மேல் அச்சடித்த வரலாறு

‘ஃபாரடேயின் மோட்டார்’ என்று பெட்டியில் பெரிய எழுத்து. பையன் அதையே அட்டையில் எழுதி ஒட்டுவான் என்பதால் திருத்திவிடுவது நல்லது. ஃபாரடே 1821-ல் செய்தது பாதரசக் கிண்ணத்தில் ஒரு முனை தோய்ந்த கம்பி, நடுவில் நிற்கும் காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்த அமைப்பு. அதில் சுருளும் இல்லை, மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் இல்லை. சுழற்சிக்கு ஏற்ப மின்சாரத்தை மாற்றிவிடும் கம்யூட்டேட்டரோடு மோட்டார் செய்தவர் வில்லியம் ஸ்டர்ஜன், 1832-ல். நாம் பிளேடால் சுரண்டும் அந்தப் பாதி வால் கம்யூட்டேட்டரின் ஏழைத் தம்பி. மின்னோட்டத்தின் திசையைத் திருப்பத் தெரியாது, நிறுத்த மட்டும் தெரியும். அதனால்தான் இந்த மோட்டார் அரைச்சுற்றுக்குச் சும்மா மிதக்கிறது.

கிட் வேண்டாம் என்றால்

ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று இல்லாமல் இருக்காது. போய் “26 கேஜ் வைண்டிங் கம்பி ஒரு 20 கிராம்” என்று கேளுங்கள். 26 கேஜில் ஒரு மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை கிராம். 20 கிராமில் 13 மீட்டர் வரும், பத்துச் சுருளுக்குப் போதும். சில கடைகளில் மிச்சக் கம்பியைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் கவனம்: காயில் கட்டும் கம்பியின் இனாமல் சூட்டைத் தாங்குவதற்காகக் கெட்டியாகப் பூசியது. சால்டரிங் அயர்ன் வைத்து உருக்கலாம் என்று பார்த்தால் உருகாது, பிளேடுதான் ஒரே வழி. சென்னையில் ரிச்சி தெருவில் ஹோல்டர், ஃபெரைட் காந்தம், கம்பி எல்லாமே ஒரு நடையில் கிடைக்கும். ஊக்கு வீட்டிலேயே இருக்கும். எல்லாம் சேர்த்தாலும் கிட் விலையில் பாதி வராது.

கடை கடையாக ஏற நேரமில்லாதவர்கள், காயில் கடை பக்கத்தில் இல்லாதவர்கள் கிட்டை வாங்கலாம். பலகையும் கம்பியும் காந்தமும் உழைக்கும். கூடவே பெரிய டார்ச் செல் ஒன்று, அல்கலைன் டபுள்-ஏ நாலு, ஊக்கு இரண்டு வாங்கி வையுங்கள். பிரித்ததும் முதல் வேலையாகத் தாளில் சுரண்டும் படத்தின் மேல் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் சுருளைச் செங்குத்தாக வரைந்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.